மிகைச்சுமை தோஷம்

பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு கைத்திரையை வெளியே எடுத்தார்கள்.

உள்ளங்கை அகலக் கருவி அது. மேலே சின்ன ஒளித்திரை; கீழே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இரண்டு பொத்தான்கள், பச்சையில் ஒரு ‘சரி’, சிவப்பில் ஒரு ‘அழி’; பக்கத்தில் சுருட்டி வைத்த கம்பி. மாப்பிள்ளையின் மாமா கம்பியைப் பிரித்தார். அல்லி திரும்பி நின்று பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். பிடரிக்குக் கீழே இருந்த செருகுவாயில் கம்பி நுழைந்ததும் திரையில் ‘இயந்திரம் தயார்’ என்று எழுத்து வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

செவ்வாய்க் கோளின் செம்பள்ளம் குடியிருப்பில் அல்லிக்கு இது மூன்றாவது தடவை.

செவ்வாயில் எடை குறைவு. அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் எலும்பு, நாணல் தண்டு போல லேசாகிவிடும். அதனால் வளர்ச்சி நின்றதும் ஒவ்வொருவருக்கும் தோளிலும் முழங்கையிலும் இடுப்பிலும் முட்டியிலும் இயக்கிகள் பொருத்துவார்கள். சில மாதங்களில் உடம்பு இயக்கியைப் பழகிக்கொள்ளும், இயக்கி உடம்பைப் பழகிக்கொள்ளும். ஒருவர் நடக்கும் விதம், கையை ஆட்டும் விதம், பாத்திரத்தைத் தூக்கும் விதம் எல்லாம் எண்களாக இயக்கிக்குள் சேரும். அதற்குப் பழக்கப் பதிவு என்று பெயர். எங்காவது பிசகினால் பழுதுக்குறி விழும். அதுவும் தேதியோடு உள்ளேயே தங்கிவிடும்.

இந்த இயக்கிகள் ஆதியில் மனிதர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பூமியில் ஆலை இயந்திரங்களை ஓட்டிய சர்வோ இயக்கிகளின் வாரிசுகள் அவை. ஆலையில் இயந்திரம் நின்றால் மெக்கானிக் கைத்திரையைக் கொண்டுபோய்ச் செருகி, என்ன கோளாறு என்று பார்ப்பார். செம்பள்ளத்தை நிறுவியவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டாரும் பம்புசெட்டும் செய்துகொண்டிருந்தவர்கள். நன்றாக ஓடுகிற சாமானைத் தூக்கிப் போடுவது அவர்களுக்கு ஆகாது. இயக்கி மனிதனுக்குள் போன பிறகும் கைத்திரை அப்படியே தொடர்ந்தது. கல்யாணப் பெண்ணையும் அது இயந்திரம் என்றே அழைத்தது. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜாதகம் அங்கே எடுபடவில்லை. செவ்வாயே காலடியில் கிடக்கும்போது அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று சோதிடர்களுக்குள் சண்டை வந்து தொழிலே படுத்துவிட்டது. பொருத்தம் பார்க்க வேறு ஒன்று வேண்டுமல்லவா? கைத்திரை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மாமா பொத்தானை அழுத்தி அழுத்தி இறங்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“ஏனுங்க, வலது தோள்ல குறி ஏழு இருக்குதுங்களே.”

குறி ஏழு என்றால் மிகைச்சுமை. தாங்க முடியாத பாரத்தைத் தூக்கினால் விழுவது.

“ஒண்ணுன்னாலும் பரவால்லீங்க. இது பதினொண்ணு இருக்குது.”

அல்லியின் அப்பா சென்னியப்பன் தயாராக இருந்தார். “அது புழுதிப் புயலப்ப நடந்ததுங்க. நாலாஞ் சுரங்கத்துல அழுத்தக் கதவு மோட்டாரு நின்னு போச்சு. கதவு எறங்க ஆரம்பிச்சிருச்சு, உள்ள அத்தன சனம். எம்பொண்ணு தோளக் குடுத்துப் புடிச்சுக்கிட்டாளுங்க. எல்லாரும் வெளிய வந்தப்புறந்தான் விட்டா. மன்றத்துல கூப்புட்டுப் பொன்னாடையெல்லாம் போத்துனாங்க.”

“கேள்விப்பட்டமுங்க. ரொம்ப நல்ல காரியம்” என்றார் மாமா, கம்பியைச் சுருட்டிக்கொண்டே. “ஆனா நாளைக்குக் கொழந்தையத் தூக்கற தோளுங்களே. ஊட்டுக்குப் போயி கலந்து பேசிச் சொல்லி அனுப்பறமுங்க.”

அவர்கள் வீடு இரண்டு சுரங்கப்பாதை தள்ளி இருந்தது. பதில் வரவேயில்லை.

மிகைச்சுமை வந்தால் இயக்கி தானாகவே கையை விட்டுவிடும். உடம்பைக் காப்பாற்ற அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். விட்ட கையை மறுபடியும் முடுக்கினால்தான் இயக்கி திரும்ப ஓடும். பதினோரு குறி என்றால், விடு விடு என்று பதினோரு தடவை இயக்கி சொல்லியிருக்கிறது, அவள் விடவில்லை என்று அர்த்தம். கைத்திரையில் அப்படிப் போடவில்லை. ‘மிகைச்சுமை’ என்று மட்டும் போட்டிருந்தது.

சென்னியப்பன் கடைசியில் அல்லியைக் கூட்டிக்கொண்டு மும்தாஜின் கடைக்குப் போனார். மும்தாஜ் இயக்கி பழுது பார்ப்பவள். ஐம்பதை நெருங்கிய வயது, உரத்த குரல். யார் ரகசியம் பேச வந்தாலும் முதலில் வாசல் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசுவாள்.

“அழி பொத்தான அமுக்குனா திரையில இருந்துதானுங்கண்ணா போவும். உள்ள அப்படியேதான் இருக்கும். மொத்தமாத் தொடைக்கணும்னா ஆலையில இருந்து வந்த நெலமைக்கு மாத்தோணும். மாத்துனா குறியோட சேர்ந்து பழக்கப் பதிவும் போயிரும்.”

“போனா?”

“உங்க பொண்ணு உங்க பொண்ணு மாதிரி நடக்காது. அவ்வளவுதான்.”

அல்லி குறுக்கே புகுந்தாள். அவள் குடியிருப்பின் அழுத்தச் சுவர்களுக்கு வெல்டிங் செய்கிறவள். சுவரில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். “அக்கா, அப்ப என்ர கை?”

“நகல் எடுத்து என்ர கைத்திரையில வெச்சுக்கறேன் கண்ணு. கல்யாணம் முடியட்டும், வந்து திரும்ப ஏத்திக்கோ.”

அல்லி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று பின்னலை முன்னால் போட்டுக்கொண்டாள். பெயர் போட்டு வைத்தால் வம்பு என்று மும்தாஜ் அந்த நகலுக்கு ‘கல்யாணம் ஒன்று’ என்று பெயர் கொடுத்தாள்.

கடையிலிருந்து வெளியே வந்தபோது அல்லி விளம்பரப் படத்தில் வரும் பெண்ணைப் போல நடந்தாள். ஒவ்வொரு அடியும் ஒரே நீளம். அன்று மாலையே ஒரு பழைய தகட்டில் வெல்டிங் வைத்துப் பார்த்தாள். கோடு போதையில் நடந்தவன் தடம் போலக் கோணிக்கொண்டு போனது. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்து வந்தது நாச்சிமுத்துவின் குடும்பம். தண்ணீர் வாரியத்தில் பெரிய ஆள். மகன் பரணிதரன் அங்கேயே எழுத்தர். கூடவே நாச்சிமுத்துவின் அக்கா சரசு வந்திருந்தாள். கைத்திரை வாசிப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர்.

சரசு மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். “ஒரு குறி இல்லீங்க. பளிங்காட்ட இருக்குது.”

மடியில் கனமில்லாமல் போனதில் சென்னியப்பனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. “மொறைக்கு மாப்பிள்ளையையும் ஒருக்காப் பாத்தர்லாமுங்களா?”

மாப்பிள்ளையைச் சோதிப்பது அவ்வளவாக வழக்கமில்லை. ஆனால் நாச்சிமுத்து சிரித்தார். “தாராளமாப் பாருங்க. ஒளிக்க என்ன இருக்குது?”

பரணியும் பளிங்காகவே இருந்தான். சரசு இரண்டு வாசிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் கண்ணை அகல விரித்தாள். தோளின் இறுக்கம், முட்டியின் வேகம், இடுப்பின் சுழற்சி, எந்த எண்ணை எடுத்தாலும் இருவருக்கும் புள்ளிக்குப் பின்னால்வரை ஒன்றாகவே இருந்தது.

“என்ர ஆயுசுல இப்படியொரு பொருத்தம் பாத்ததில்ல சாமி! ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னே செஞ்சு அனுப்புனாப்ல இருக்குது!”

அது முழு உண்மை. ஆலையிலிருந்து வரும்போது எல்லா இயக்கியும் அப்படித்தான் வரும். அந்தக் கூடத்தில் அதை அறிந்திருந்த நாலைந்து பேரும் வாயைத் திறக்கும் நிலையில் இல்லை.

பெண்ணையும் பிள்ளையையும் தனியாகப் பேச அனுப்பினார்கள். காற்றுத் தோட்டத்தில் செடித் தட்டுகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு இருந்தது. இருவரும் ஒரே கணத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே கணத்தில், ஒரே கோணத்தில், வலது கையைத் தூக்கி நெற்றியைத் துடைத்தார்கள்.

பரணி கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டான். “நீங்களும் மும்தாஜக்கா கடைக்குத்தான் போனீங்களா?”

அல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “உங்களுக்கு என்னுங்க இருந்துச்சு?”

“குறி மூணு. வேகமீறல். பள்ளத்து விளிம்புல பசங்களோட ஓட்டப்பந்தயம் உடுவோம். முட்டிக்கு முட்டி பத்துப் பன்னெண்டு விழுந்திருச்சு. எதுக்கும் தொடச்சிருன்னு அப்பா சொல்லிட்டாரு. உங்களுக்கு?”

அவள் சொன்னாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். “பதினோரு தடவையா? இயக்கி வுட்டப்புறமும்? நானா இருந்தா ரெண்டாந் தடவையே ஓடிருப்பேனுங்க.”

அவள் சம்மதம் சொன்னது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. முடிந்த கையோடு இருவரும் மும்தாஜ் கடைக்குப் போய்ப் பதிவுகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். மும்தாஜுக்கு அன்று கூட்டம். ‘கல்யாணம் ஒன்று’ யாருடையது, ‘கல்யாணம் இரண்டு’ யாருடையது என்று ஒரு நொடி தடுமாறி, தனக்குத் தோன்றியபடி ஏற்றிவிட்டாள்.

வாசலைத் தாண்டியதுமே தெரிந்துவிட்டது. பரணி இடுப்பை லேசாக ஒடித்து, அடக்கமாக, பாதம் பார்த்து நடந்தான். அல்லி நாலே எட்டில் தெருக்கோடிக்குப் போய்விட்டாள்.

மும்தாஜ் தலையில் அடித்துக்கொண்டாள். “இப்பவே மாத்தி ஏத்துனா இயக்கி எரிஞ்சு போயிரும். ஒரு வாரம் பொறுத்துக்குங்க தாயி. யாருகிட்டயும் செருகக் குடுத்தர்றாதீங்க.”

ஆனால் அந்த வாரத்தில்தான் மறுவீட்டு விருந்து வந்தது. விருந்தில், யாரும் எதிர்பார்க்காதபடி, மறுவாசிப்பு என்ற பழைய சடங்கைச் சரசு கிளப்பினாள்; தப்பிக்க வழியில்லை. சரசு முதலில் மருமகளுக்குச் செருகினாள். அவள் முகம் கறுத்தது.

“குறி மூணு... வேகமீறல். ரெண்டு முட்டியிலயும் சரஞ்சரமா உளுந்து கெடக்குது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இத்தன ஓட்டம்? எங்கெங்க ஓடுன, யாரு பின்னால ஓடுன? ஓடுகாலியக் கொண்டாந்து நம்ம தலையில கட்டிட்டாங்கடா நாச்சிமுத்து!”

சென்னியப்பன் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார். சரசு கோபம் ஆறாமலே கம்பியைப் பிடுங்கிப் பரணிக்குச் செருகினாள். திரையைப் பார்த்ததும் அவள் குரலே மாறிப்போனது.

“அட என்ர சிங்கமே! வலது தோள்ல மிகைச்சுமை. பதினொண்ணு! ஒழச்ச ஒடம்பு எப்படி இருக்குது பாருங்க. ஆம்பள தோளுன்னா இதல்ல தோளு!” என்றவள் தேதியைப் படித்துவிட்டுக் கூவினாள். “ஏங்கண்ணு, இது புழுதிப் புயலன்னைக்கு உளுந்ததாச்சே. நாலாஞ் சுரங்கத்துக் கதவு! நீயா புடிச்ச?”

“அத்தே, அது என்ர தோளுங்க” என்றாள் அல்லி.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரை வேறு சொல்லிக்கொண்டிருந்தது. விருந்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கதவுக்கு அடியில் குனிந்து தப்பித்தவர்கள். ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார்: “முன்னாடி ஒரு பொண்ணு நின்னாப்ல ஞாபகமுங்க. ஆனா ஒரே புழுதி. பின்னாடி நின்னு புடிச்சது இவராத்தான் இருக்கோணும்.” மற்றவர், “ஆமாமுங்க, இப்பச் சொல்லவுந்தான் நெனப்பு வருது” என்றார்.

பரணி எழுந்தான். நல்லவன், முகம் சிவந்திருந்தது. “எல்லாரும் கேளுங்க. கதவப் புடிச்சது இவதான். ஓடுனது நான். மும்தாஜக்கா பதிவ மாத்தி ஏத்திட்டாங்க.”

சரசு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தீங்களா? பொண்டாட்டி மானத்தக் காப்பாத்தறதுக்கு எப்படிப் பழியத் தூக்கித் தம்மேல போட்டுக்கறான்! தங்கமப்பா, தங்கம்.”

அவன் மறுக்க மறுக்க அவன் பெருமை வளர்ந்தது. மறுநாள் குடியிருப்பு மன்றத்திலிருந்து மீட்புக் குழுத் தலைவர் வந்தார். பரணியின் தோளை வாசித்து ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கதவுக் காப்பாளர் பதவிக்கு அவன் பெயரை எழுதிக்கொண்டு போனார். பரணி அவரிடமும் உண்மையைச் சொன்னான். “அன்னைக்குப் புழுதியில ஆள் தெரியாமப் பொன்னாடைய மாத்திப் போத்திட்டமுங்க. இந்த அடக்கந்தானுங்க வேணும்” என்றார் அவர்.

வாரம் கழிந்து மும்தாஜ் கடைக்குப் போனபோது நாச்சிமுத்துவும் கூட வந்தார். கைத்திரையில் பழக்கப் பதிவையும் குறிகளையும் தனித்தனியாகப் பிரித்து ஏற்ற முடியும் என்பதை, மும்தாஜே அதுவரை அறியாததை, எப்படியோ விசாரித்து வைத்திருந்தார்.

“நடையும் கையும் அவங்கவங்களுதே போவட்டும் அம்மணி. குறி மட்டும் இருக்கறபடி இருந்துட்டுப் போவுது. மன்றத்துல பேர் எழுதியாச்சு. இப்ப மாத்துனா ரெண்டு குடும்பத்துக்கும் அசிங்கம். மருமவளோட வேகமீறல வேணா தொடச்சு உட்டுரு. யாரு கேக்கப் போறாங்க?”

“மாமா, அது பொய்யாயிடுமுங்க” என்றாள் அல்லி.

“உனக்குத்தான கண்ணு நல்லது? அந்தக் குறியினால எத்தன எடம் தட்டிப் போச்சுன்னு உங்கொப்பனே சொன்னாரு. எங்க பரணிக்கு அது பெருமை. உனக்கு அது தோஷம். நீ எதுக்கு அதச் சொமக்கோணும்?”

பரணி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “நீ சொல்றபடி செய்யலாம் அல்லி” என்றான்.

அல்லிக்கு அலுத்துப் போயிருந்தது. அத்தனை நாளும் அவளை அரித்துக்கொண்டிருந்தது கோணிப்போன வெல்டிங் கோடுதான். “எனக்கு என்ர கை திரும்பக் கெடச்சாப் போதுமுங்க” என்றாள்.

மும்தாஜ் அப்படியே ஏற்றினாள்.

அல்லியின் கை திரும்பி வந்தது. வேலைக்குப் போனாள். அவள் வைத்த கோடுகள் மறுபடி நூல் பிடித்தாற்போல ஓடின. பரணி கதவுக் காப்பாளரானான். முதலில் யாராவது கதவைப் பற்றிக் கேட்டால், “அது நானில்லீங்க” என்பான். பிறகு, “அதெல்லாம் பெருசு பண்ணாதீங்க” என்றான். சில மாதங்கள் போனதும், “நாங்க ரெண்டு பேரும் சேந்துதான்” என்று சொல்லத் தொடங்கினான். பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தான்.

மும்தாஜ் கடையில் வரிசை நின்றது. கல்யாண வயதில் பிள்ளை வைத்திருந்தவர்கள் குறி ஏழு கேட்டார்கள். பெண் வைத்திருந்தவர்கள் அதே வரிசையில் நின்று குறி ஏழைத் துடைக்கக் கேட்டார்கள். முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். மன்ற உறுப்பினர் ஒருவரே தன் இளைய மகனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வாசல் விளக்கை அணைத்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல நகல். தேதியை மாற்ற அவளுக்குத் தெரியாது. இரண்டு வருடத்தில், செம்பள்ளத்து வாலிபர்களில் பாதிப் பேர் புழுதிப் புயலன்று அதே நேரத்தில் அதே கதவைத் தாங்கியிருந்தார்கள். அந்தக் கதவில் ஒரு ஆள் நுழையத்தான் இடம் உண்டு. இருந்தும் மன்றம் எல்லாப் பதிவுகளையும் முறைப்படி வாசித்துச் சரிபார்த்தது. கைத்திரை ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ என்றது.

நாலாம் சுரங்கத்து வாசலில் அந்த வீரர்களின் பெயர்களைப் பொறித்து ஓர் இரும்புப் பலகை பதிப்பதென்று தீர்மானமாயிற்று. அழுத்தச் சுவரில் பிசகில்லாமல் பற்றவைக்கக்கூடிய ஆள் ஒருத்திதான். அல்லியை அழைத்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் வேலை. பலகை கனமாக இருந்தது. தாங்கியை வைத்தால் கை போக இடமில்லை. அல்லி வலது தோளை அடியில் கொடுத்துப் பலகையை நிமிர்த்திச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் முதல் புள்ளியை வைத்தாள். பரணி பதவிக்குரிய நீலச் சட்டையில் பக்கத்தில் நின்று, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் முதலில் இருந்தது. மறுநாள் பேசவேண்டியதையும் இடையிடையே முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டான்.

அல்லி ஒரு புள்ளி முடித்துவிட்டு முகக்கவசத்தைத் தூக்கினாள். அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது.

“ஏனுங்க, அன்னைக்கு ரொம்ப வலிச்சுதுங்களா?”

பரணி அவளைப் பார்க்கவில்லை. அவன் கண் பலகையிலேயே இருந்தது. இடது கை தானாகப் போய் வலது தோளைத் தடவிக்கொண்டது.

“வலியா? சொல்லி மாளாது கண்ணு” என்றான். அவன் குரலில் துளிப் பொய் இல்லை. “பட்டவனுக்குத்தான் தெரியும். உனக்கெங்க அது வெளங்கப் போகுது?”

அல்லி முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு அடுத்த புள்ளியை வைத்தாள்.